யாரும் தொடாமல் போன எஞ்சின்

அம்பிளாந்துறை,
03.02.1997

தேற்றாத்தீவில் இருக்கும் என் மதிப்புக்குரிய அக்கா ஆச்சிப்பிள்ளைக்குத் தம்பி நல்லரத்தினம் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் சின்னத்தங்கமும் மகள் கண்ணகையும் உயிரோடு இருக்கிறோம். இந்தக் காலத்தில் அதற்கு மேல் யாராவது எழுதினால் நம்ப வேண்டாம். அத்தானுக்குத் தொய்வு இழுப்புக் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். போன மாதம் நீங்கள் கொடுத்தனுப்பிய தயிர் புளிக்காமல் வந்து சேர்ந்தது. நிற்க.

அக்கா, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். உங்கள் மகன் யோகராசாவுக்கும் என் மகளுக்கும் பேசிவைத்த கலியாணத்தை நான் நிறுத்திவிட்டேன். கண்ணகையின் சாதகக் குறிப்பை இந்தக் கடிதம் கொண்டுவருகிற மீன்காரன் கனகசிங்கத்திடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சனிக்கிழமையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நடந்தது இதுதான்.

கண்ணகைக்குச் சீதனமாக இங்கே ஒரு நெல்லு மில் போடுவதாக உங்களுக்குச் சொல்லியிருந்தேன் அல்லவா. படுவான்கரையில் இன்னும் மூன்று கிழமையில் வேளாண்மை வெட்டுத் தொடங்கிவிடும், நெல்லைக் குத்துவதற்கு இந்தச் சனம் வாவியையும் கடந்து ஆமிச் சென்றியையும் கடந்து போக வேண்டியிருக்கிறது, ஆகவே கல்முனையில் ஒரு பழைய எஞ்சினை வாங்கி, சனிக்கிழமை காலை லொறியில் அக்கரைத் துறைக்குக் கொண்டுவந்தேன். பதினொரு அந்தர், அரைத் தொன்னுக்கு மேல் இரும்பு. சென்றியில் ஆமிக்காரர் மூன்று தரம் அதைச் சுற்றிவந்து, எண்ணெய்த் தாங்கிக்குள் மூக்கை விட்டு மணந்து பார்த்து, கடைசியில் என் பாஸில் இருந்த முத்திரையின் அழகைப் பார்த்துப் போக விட்டார்கள். துறையில் மூட்டை தூக்குகிற கோணாமலையும் அவனுடைய ஆட்கள் ஏழு பேரும் தள்ளினார்கள். அரை அங்குலம் அசையவில்லை. மறுகா அடியில் உருண்டைக் கட்டைகள் கொடுத்து, ஒரு மணித்தியாலம் மல்லுக்கட்டி வாவி கடக்கிற பாதையில் ஏற்றினோம். அந்தப் பாதையின் நிலைமை உங்களுக்குத் தெரியும், ஓட்டைப் பீப்பாய்க்கு மேல் பலகை அடித்த மிதவை, இரண்டு பேர் கம்பு ஊன்றினால் நகரும், இல்லாவிட்டால் இல்லை.

அப்போதுதான் உதவிக்கென்று வந்து நின்ற, விஞ்ஞான வாத்தியாரான உங்கள் மகன் வாயைத் திறந்தான்.

"மாமா, அந்தக் கட்டையள எடுத்துப்போடுங்க. இல்லாட்டி எஞ்சின இறுக்கிக் கட்டுங்க. பாதை நிண்டாலும் இது நிக்காது."

"ஏன் தம்பி நிக்காது? இதுக்கென்ன கால் முளைச்சா இரிக்கு?"

"ஓடுற சாமான் ஓடிக்கிட்டேதான் இரிக்கும் மாமா, ஒண்டு வந்து மறிக்கும் வரைக்கும். நியூட்டன்ட முதலாம் விதி."

"மறிக்கிறதுக்கு இந்த மாவட்டத்தில ஆளா இல்ல?" என்றான் கோணாமலை. சென்றிக்காரருக்குத் தமிழ் விளங்காதது நல்லதாய்ப் போயிற்று.

அக்கா, பதினாறு வயதில் தலையில் கருவாட்டுக் கடகத்தோடு கொக்கட்டிச்சோலை வரைக்கும் நடந்தவன் நான். தள்ளினால்தான் எதுவும் நகரும், கையை எடுத்தால் நின்றுவிடும். மாடும் அப்படித்தான், வியாபாரமும் அப்படித்தான், கந்தோரில் கொடுத்த விண்ணப்பமும் அப்படித்தான். இதை எனக்கு ஒரு வெள்ளைக்காரன் வந்து மாற்றிச் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனாலும் வரப்போகிற மருமகன் மனம் நோகக்கூடாதே என்று என்னுடைய புது நைலோன் கயிற்றை எடுத்துக் கொடுத்தேன். அவனே எஞ்சினைப் பாதையோடு சேர்த்துக் கட்டி நாலு முடிச்சுப் போட்டான்.

நடு வாவி தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் ஹெலி சத்தம் கேட்டது. அவ்வளவுதான், கம்பு ஊன்றுகிற இருவரும் பேயடித்தவர்கள் போல ஊன்றத் தொடங்கினார்கள், முன்பக்கம் நின்ற யோகராசாவும் ஒரு கம்பைப் பிடித்தான், கோணாமலை ஒரு பலகையைப் பிடுங்கித் தண்ணீரை அடித்தான், சனமெல்லாம் அவரவர் சாமியைக் கூப்பிட்டது. ஹெலி எங்களைத் திரும்பியும் பார்க்காமல் கடல் பக்கம் போய்விட்டது. பாதைக்கு அது தெரியவில்லை. வந்த வேகத்திலேயே போய்த் துறைக்கல்லில் இடித்து நின்றது.

பாதை நின்றது, அக்கா. வேறு ஒருவரும் நிற்கவில்லை. என் குடை முன்னால் போனது, குடைக்குப் பின்னால் நான் போனேன், எனக்கு மேல் ஒரு கூடை கத்தரிக்காய் வந்தது. விழுந்து கிடந்தபடி தலையை நிமிர்த்திப் பார்க்கிறேன், எஞ்சின் வருகிறது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு மனிதக் கை அதில் இல்லை. எட்டுப் பேருக்கு அசையாத சாமான், பெரிய மனிதர் ஒருவர் கோயிலுக்குப் போவதுபோல ஆறுதலாக என்னைக் கடந்து, பாதையின் விளிம்பில் தலையைக் குனிந்து வாவிக்குள் இறங்கியது. குமிழி வந்தது. பிறகு அதுவும் வரவில்லை. ஷெல் விழுந்த கடையை மறுநாள் காலையிலேயே திறந்து வியாபாரம் செய்தவன் நான். அன்றைக்குக் கத்தரிக்காய்களுக்கு நடுவில் எழும்ப மறந்து கிடந்தேன்.

கயிறு அவிழ்ந்துவிட்டது. வாத்தியார் போட்ட முடிச்சு.

ஆனால் நான் கலியாணத்தை நிறுத்துவது அதற்காக இல்லை. எஞ்சின் தாழ்ந்த நேரத்தில் நான் யோகராசாவின் முகத்தைப் பார்த்தேன். அதில் சந்தோசம் இருந்தது. சோதினையில் முதலாம் பிள்ளையாக வந்தவன் முகம் மாதிரி. "பாத்தீங்களா மாமா," என்றான், "அப்படியே நடந்திற்று." மாமனாரின் சொத்து சேற்றுக்குள் போகும்போது பல்லைக் காட்டுகிற ஒருத்தனுக்கு எப்படி அக்கா பெண்ணைக் கொடுப்பது?

இதோடு முடியவில்லை. நெஞ்சளவு தண்ணீரில் கிடந்ததைத் தூக்க, கனகசிங்கத்தின் தோணியில் நாலு பேரை ஏற்றி, அவனிடமே கயிறு வாங்கிக் கட்டி, இழுங்கள் என்றேன். இழுத்தார்கள். எஞ்சின் வரவில்லை, தோணிதான் எஞ்சினிடம் போனது. பின்னுக்குத் தள்ளிப்போய் மறுபடியும் இழுத்தோம், மறுபடியும் போனது.

"நீங்க அத இழுத்தா அதுவும் உங்கள இழுக்கும் மாமா. மூண்டாம் விதி. கரையில கால ஊண்டிக்கிட்டு இழுக்கணும்."

"நான் வாங்கின எஞ்சின் என்னை இழுக்கிறதா?"

"முதலாளியில ஆசப்பட்டிற்றுப் போலகா," என்றான் கோணாமலை. துறை முழுக்கச் சிரித்தது.

அவன் சொன்னபடி கரையில் நின்று முப்பது பேர் இழுத்ததில், பொழுது சாய முன்னம் வந்து சேர்ந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அன்று மாலை யோகராசா எனக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு, "என்ட முடிச்சிலதான் பிழை மாமா," என்றான். அதன் பிறகு சிரிக்கவில்லை. நேற்று முழுதும் எஞ்சினைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிவிட்டு, சாப்பிடாமல் உங்கள் வீட்டுக்குப் புறப்பட்டான். கண்ணகையும் சாப்பிடவில்லை. அதெல்லாம் நாளாக ஆகச் சரியாகிவிடும். என் முடிவு முடிவுதான்.

அத்தானுக்கு என் வணக்கம். கோழிக்குச் சுகமில்லை என்றீர்களாம், வேப்பிலை அரைத்துக் கொடுங்கள். வெடிச் சத்தம் கேட்கிற பக்கம் யாரையும் போகவிடாமல் அம்மாள் உங்கள் படலையில் காவல் நிற்கட்டும்.

இப்படிக்கு,
தம்பி க. நல்லரத்தினம்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் கண்ணகை வாங்கி வாசித்துவிட்டாள். வாசித்துவிட்டு என்னிடம், "அப்பா, இதக் கொண்டுபோறதுக்கு வாசல்ல நிக்கிறவர்ட தோள்ல கிடக்கிற கயிறு ஆர்ர கயிறு?" என்று கேட்டாள். கனகசிங்கம் எப்படியும் உங்களிடம் சொல்லிவிடுவான், ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். அது என் நைலோன் கயிறு, தானாக அவிழவில்லை, நான் அவிழ்த்தேன். பாதையில் வந்த கனகசிங்கத்திடம் நல்ல கொடுவா மீன் ஒன்று இருந்தது, அவனுக்குக் கயிறு தேவைப்பட்டது, மாற்றிக்கொண்டோம், இந்தப் பதினொரு அந்தர் எங்கே போகப்போகிறது என்று நினைத்தேன். அப்போது யோகராசா முன்பக்கம் நின்றான், அவனுக்கு இன்னும் தெரியாது. சோறு இறங்கவில்லை என்றதும் சரியில்லை, சனிக்கிழமை இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன். அவன் எனக்கு முன்னால் தலையைக் குனிந்து நின்றபோதே இதைச் சொல்லியிருக்க வேண்டும், மீன் குழம்பு ஆறிவிடும் என்று வீட்டுக்குப் போய்விட்டேன். இதை வேறு தாளில் எழுதச் சொல்கிறாள் மகள். மூன்று பக்கம் நல்ல தாள், கிழிக்க மனமில்லை, மேலே எழுதியதில் சுகம் விசாரித்ததையும் வேப்பிலையையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பை அனுப்ப வேண்டாம், கலியாணத்துக்கு நாள் பார்த்து அனுப்புங்கள். யோகராசாவிடம் ஒன்று சொல்லுங்கள்: அவன் போட்ட முதல் முடிச்சை அவிழ்க்க எனக்குக் கால் மணித்தியாலம் சென்றது. மற்ற மூன்றையும் பல்லால் கடித்தேன்.