ஓரிரு இடங்களில்

படகு கிளம்பி இருபது நிமிடம்கூட ஆகவில்லை, மேற்கே ஒரு மேகம் தலைகாட்டியது. படகில் இருந்த பதினாறு பயணிகளில் அதை முதலில் பார்த்தவர் வானிலைக்காரர்தான். பார்த்ததும் முகத்தைக் கிழக்கே திருப்பிக்கொண்டார்.

"ஏங்க, அது மழை மேகமா?" என்றாள் மனைவி.

"சேச்சே. சும்மா வந்துட்டுப் போற மேகம்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்று அவள் காலை நீட்டி வசதியாக உட்கார்ந்துகொண்டாள். அவள் மடியில் குடை இல்லை. வானிலைக்காரருக்கு அன்றைக்கு உலகத்திலேயே முக்கியமான விஷயம் அதுதான்.

கடலோர வானிலை அலுவலகத்தில் தினமும் மாலை அறிக்கை எழுதுவது அவர் வேலை. ஊருக்கெல்லாம் மழை சொல்கிறவருடைய பேச்சு சொந்த வீட்டில் மட்டும் எடுபடாது. அவர் "வெயில்" என்றால் மனைவி கொடியில் காயும் துணிகளை அள்ளி உள்ளே போடுவாள். "மழை" என்றால் மிளகாயைக் கொண்டுபோய் மாடியில் காயவைப்பாள். பதினெட்டு வருடமாக இதே கதை. அவரும் சிரித்து மழுப்பிவிடுவார். ஆனால் உள்ளுக்குள் வலிக்கத்தான் செய்தது.

படகில் மூன்று தீவுகளைச் சுற்றிவர வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. சனிக்கிழமைக்கு இடம் பதிவு செய்த கையோடு அவர் கேட்டார். "இந்த ஒரு தடவை என்னை நம்பு. குடை வேண்டாம்." அவளும் "சரி, எடுக்கல" என்று வாக்குக் கொடுத்தாள்.

அந்த வாக்குக்கு மரியாதை செய்யப்போய்த்தான் வெள்ளிக்கிழமை மாலை அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். அவர்கள் அலுவலக அறிக்கையில், வெயிலோ புயலோ, ஒரு வரி மட்டும் மாறாமல் நிற்கும். "ஓரிரு இடங்களில் லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும்." எந்த இடம் என்று யாரும் கேட்க முடியாது. எங்கேயாவது நாலு துளி விழுந்தால் அலுவலகம் பிழைத்தது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து விடாமல் எழுதிவந்த அந்த வரியை அன்று ஒரே கோடாக அடித்துவிட்டார். மனைவிக்கு ஒரு அறிக்கை, ஊருக்கு ஒரு அறிக்கை என்று இருக்கக்கூடாது பாருங்கள்.

முதல் தீவில் இறங்கி, தென்னை மரங்களைப் பார்த்துவிட்டு, நாலு கிளிஞ்சல் பொறுக்குவதற்குள் முதல் துளி விழுந்தது. அது பயணிகளில் ஒருவரான பல் டாக்டரின் வழுக்கைத் தலையில் விழுந்ததால் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. இரண்டாவது துளிக்குக் காத்திருக்கவே வேண்டியிருக்கவில்லை. கொட்டித் தீர்த்தது.

எல்லோரும் படகுக்கு ஓடினார்கள். படகுக்காரர் பதறவில்லை. பலகைக்கு அடியிலிருந்த பெட்டியைத் திறந்து மழைக்கோட்டுகளை எடுத்து நீட்டினார். எண்ணி வைத்தாற்போல் பதினாறு. பல் டாக்டரின் உடம்புக்கு ஏற்றதுகூட அதில் ஒன்று இருந்தது.

"மழை வரும்னு உங்களுக்கு எப்படி தெரியும்?" என்றார் பல் டாக்டர்.

"மேலிடத்துத் தகவல்" என்றார் படகுக்காரர்.

எல்லோரும் பயபக்தியோடு வானத்தைப் பார்த்தார்கள்.

இரண்டாவது தீவில் அலை இறங்கவே விடவில்லை. மூன்றாவது தீவில் ஒரு ஓலைக் கொட்டகை இருந்தது. அதற்குள் ஒண்டி நின்றபோதுதான் பல் டாக்டர் கைப்பேசியை எடுத்து அந்த அறிக்கையைச் சத்தமாக வாசித்தார்.

"வானம் தெளிவாகக் காணப்படும். அவ்வளவுதான் போட்டிருக்கான். தினமும் 'ஓரிரு இடங்களில்'னு ஒண்ணு போடுவானே, இன்னிக்குப் பாத்து அதையும் காணோம்."

"வேணும்னே எடுத்திருப்பான்" என்றாள் ஒரு தையல்காரி. புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்தவள். "ஆமா, நீங்க என்ன வேலை பாக்கறீங்க சார்?" என்று பக்கத்தில் நின்ற வானிலைக்காரரிடம் திரும்பினாள்.

அவர் அவசரமாக "தமிழ் வாத்தியார்" என்றார்.

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். "ஆமா. இலக்கணம் நல்லா வரும்" என்றாள்.

சந்தேகம் வராமலிருக்க அவரும் நாலு வார்த்தை திட்டிவைத்தார். "ஜன்னலைத் திறந்து பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்குமே. சோம்பேறி."

"ரொம்பத் திட்டாதீங்க. அந்த ஆளுக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்கும்" என்றாள் மனைவி.

அவர் திட்டிய வேகம் பல் டாக்டருக்குப் பிடித்துவிட்டது. "சும்மா பேசி என்ன பிரயோஜனம்? ஒரு மனு எழுதிடுவோம். வாத்தியாரே, நீங்கதான் எழுதணும்" என்று மருந்துச்சீட்டுக் கட்டையும் பேனாவையும் கையில் திணித்தார். தாளின் தலையில் ஒரு பல் படம் சிரித்துக்கொண்டிருந்தது.

காரத்தைக் குறைத்து எழுதிவிடலாம் என்று வானிலைக்காரர் உட்கார்ந்தார். பழகிய கை பழகிய வழியில் போயிற்று.

"தங்கள் அறிக்கையை நம்பிச் சென்ற பயணிகளிடையே பரவலாக அதிருப்தியும், ஓரிரு பயணிகளிடம் லேசானது முதல் மிதமான கோபமும் காணப்படுகிறது."

"மிதமானதா? எனக்கு அப்படி இல்லயே" என்றார் பல் டாக்டர்.

வானிலைக்காரர் அடித்துவிட்டு, "கனமானது முதல் மிகக் கனமான கோபம்" என்று திருத்தினார்.

"இப்ப சரி. ஆனா இந்த நடை எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே."

"இலக்கணம் படிச்சவங்களுக்கு அப்படித்தான் வரும்" என்றாள் மனைவி.

அறிக்கை எழுதியவரை மழையே பெய்யாத ஊருக்கு மாற்ற வேண்டும் என்று முடிக்கச் சொன்னார் பல் டாக்டர். "அங்க பெய்யாதுன்னு இவன் எழுதுவான், பெஞ்சுடும். அந்த ஊருக்கு நல்லதுதான்" என்றாள் தையல்காரி.

முதல் கையெழுத்தை மனைவி போட்டாள். நிறுத்தி நிதானமாகப் போட்டாள். வானிலைக்காரர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினெட்டு வருடத்தில் கிடைத்த ஒரே ஒரு நம்பிக்கையையும் கடலில் கரைத்துவிட்டோம், இனி ஆயுசுக்கும் அவள் குடையைக் கீழே வைக்கமாட்டாள் என்று நினைத்துக்கொண்டார். கடைசி ஆளாக, யாருக்கும் புரியாத ஒரு கிறுக்கலைத் தானும் போட்டார்.

"ஆபீசுல யார் சேக்கறது?" என்றார் பல் டாக்டர்.

"குடுங்க, நான் சேத்துடறேன்" என்று படகுக்காரர் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

கரை சேரும்போது வெயில் பளிச்சென்று அடித்தது. அறிக்கை சொன்னபடியே வானம் தெளிவாகக் காணப்பட்டது. பாராட்டத்தான் ஆளில்லை. கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு எல்லோரும் கலைந்தார்கள். மனைவி ஈரக் கூந்தலை உதறியபடி முன்னால் நடந்தாள்.

கடைசியாக இறங்கிய வானிலைக்காரரிடம் படகுக்காரர் மருந்துச்சீட்டை நீட்டினார்.

"ஆபீசுல சேக்கச் சொன்னாங்க சார். சேத்துட்டேன்."

வானிலைக்காரர் அதை வாங்கிக்கொண்டார். "நான் யாருன்னு உனக்கு எப்படி தெரியும்?"

படகுக்காரர் முன்னால் போய்க்கொண்டிருந்தவளைக் காட்டினார்.

"மேலிடம் அவங்கதான் சார். நேத்து சாயங்காலமே போன் பண்ணி, 'இன்னிக்கு அறிக்கையப் பாத்தேன், எங்க வீட்டுக்காரர் எனக்காக அந்த வரிய எடுத்துட்டார், அதனால கண்டிப்பா பெய்யும், எல்லாருக்கும் கோட்டு எடுத்து வச்சுக்கங்க, நான் குடை கொண்டு வரமாட்டேன்னு அவருக்கு வாக்கு குடுத்திருக்கேன்'னாங்க."