ஹிஸ்டரி வழியாக பி.பி.ஏ.

வாழ்க்கையில் ஒரு தடவையாவது ஜெயாவுக்கு முன்னால் யோசித்துவிடுவது என்று 2005 மே மாதம் முடிவு செய்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் யோசித்து முடித்த பிறகுதான் எனக்கு யோசனையே வரும்.

மகள் கீதாஞ்சலி பிளஸ் டூ பாஸ். மார்க் நல்லதும் இல்லை, மோசமும் இல்லை. என்னைப் போல. அவளுக்கு பி.பி.ஏ.தான் வேண்டும். டவுன் காலேஜில் அதற்கு ஒரே வகுப்பு; ஒருவர் ஒரு மேஜருக்குத்தான் அப்ளிகேஷன் போடலாம். மரக்காணத்தைச் சுற்றி காமர்ஸ் குரூப் படித்ததெல்லாம் அங்கேதான் முட்டும். சீட் கிடைக்காவிட்டால் தன் மகன் சகாதேவனுக்குக் கட்டிவிடலாம் என்று என் அக்கா தட்டு வரிசையோடு காத்திருந்தாள்.

நான் உப்பள மேஸ்திரி. வெயிலில் நிற்கும்போது யோசனை வந்தது.

"ஜெயா, ஹிஸ்டரி மேஜர் போடுவோம்."

"அவ பி.பி.ஏ. கேக்குறா."

"ஹிஸ்டரிக்கு ஆளே வர மாட்டான். முதல்ல உள்ள நுழைஞ்சிடணும். பெரிய ஊர் காலேஜ்ல லிஸ்ட் போட்டா பி.பி.ஏ.ல பாதிப் பேர் ஓடிடுவான். அப்ப மாறிக்கலாம்."

மீன் கழுவிக்கொண்டிருந்த அவள் கை நின்றது. என் பேச்சுக்கு அது நின்றது அன்றுதான்.

"நல்ல ஐடியாங்க. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. முக்கியமா கண்ணாயிரத்துக்கிட்ட."

"நான் ஏன் சொல்றேன்?"

கண்ணாயிரம் பக்கத்து உப்பள மேஸ்திரி. அவன் மகன் சரத்குமாருக்கும் பி.பி.ஏ. ஆசை. மார்க்கும் எங்கள் பெண்ணைவிட அதிகம்.

மறுநாள் டீக்கடையில் பிடித்துக்கொண்டான்.

"ஏம்பா சக்கரபாணி, மூஞ்சி பளபளன்னு இருக்குது?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா இப்படி இளிக்கிற?"

"சொல்லக் கூடாது."

"அப்ப சொல்லு."

சொன்னேன். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சொன்னேன். சாயங்காலம் உப்பு லாரி லோடுமேன் என்னை ஓரமாக இழுத்துப் போய், "அண்ணே, ஒரு ரகசியம்" என்று ஆரம்பித்து, என் யோசனையை எனக்கே சொன்னான்.

ஜெயாவிடம் மூச்சு விடவில்லை. மழைக்கு முன்னால் உப்பு வாரி முடிக்க வேண்டிய நேரம், எனக்கு லீவு இல்லை. அவளும் மகளும் போய் அப்ளிகேஷன் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

லிஸ்ட் ஒட்டிய அன்று ஹிஸ்டரி பலகை முன்னால் ஒரே நெரிசல். "இந்தக் காலேஜ் ஹிஸ்டரியிலேயே ஹிஸ்டரிக்கு இப்படி அடிச்சிக்கிட்டதில்ல" என்றார் பியூன். முதல் பெயர் சரத்குமார். கடைசி வரை தேடினேன். கீதாஞ்சலி இல்லை. அக்காவின் தட்டு வரிசை கண்ணில் தெரிந்தது.

"ஜெயா, கண்ணாயிரத்துக்கிட்ட நான்தான் உளறிட்டேன்."

"தெரியும். அங்க என்ன தேடுறீங்க? இந்தப் பக்கம் வாங்க."

பி.பி.ஏ. லிஸ்டில் கடைசிப் பெயர்: ச. கீதாஞ்சலி.

"நீ ஹிஸ்டரி போடலையா?"

"எதுக்கு? இவளுக்கு மேல மார்க் வாங்கினதெல்லாம் அந்தப் பக்கம் போயிடுச்சே."

"சொல்லாதீங்கன்னு சொன்னியேடி!"

"சொல்லுங்கன்னா சொல்லியிருப்பீங்களா?"

திரும்பும்போது பஸ்ஸில் கண்ணாயிரம் என் பக்கம் பார்க்கவே இல்லை. ஜெயா ஜன்னல் வழியாக உப்பளத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"இவ பி.பி.ஏ. முடிச்சு எம்.பி.ஏ.வும் படிக்கப் போறா. அஞ்சு வருஷத்துக்குக் கல்யாணப் பேச்சே கிடையாது. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. முக்கியமா உங்க அக்காகிட்ட."

மரக்காணத்தில் இறங்கியதும் என் கால் அக்கா வீட்டுப் பக்கம் திரும்பியது.