நான் ஓய்வு பெறவில்லை என்பது பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் மதாம் கர்னோ அவர்களுக்கு,

வெர்னே கிராமத்திலிருந்து லூதிவீன் போன்சோ வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் தங்கள் பத்திரிகை அலுவலகத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நலம். அப்பா இன்னும் பால் லாரிதான் ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான் என்பதால் மின்சார அலுவலகத்துக்கும் காப்பீட்டுக்காரர்களுக்கும் கடிதம் எழுதுவது என் வேலை. எனக்காக எழுதும் முதல் கடிதம் இது. நேரில் வந்து சொல்லியிருக்கலாம். ஆனால் நேரில் எனக்குப் பேச்சு வராது. விஷயமே அதனால் வந்ததுதான்.

போன வியாழக்கிழமை தங்கள் இதழில், நான் கால்பந்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டதாக அரைப் பக்கத்துக்குச் செய்தி வந்திருக்கிறது. நான் ஓய்வு பெறவில்லை. எனக்கு இருபத்தேழு வயது. தங்கள் இதழில் முப்பத்தொன்று என்று போட்டிருக்கிறது. இந்த மாதத்தோடு இரண்டாம் பிரிவு அணியுடன் என் ஒப்பந்தம் முடிகிறது, அவ்வளவுதான். தெற்கே கடலோரத்தில் இருக்கும் ஒரு முதல் பிரிவு கிளப் என்னை எடுத்துக்கொள்வதாக இருந்தது. அதன் மேலாளர் தெல்மாஸ், கையெழுத்தாகும் வரை வெளியே மூச்சு விடக் கூடாது என்று சொல்லியிருந்தார். அதைக் காப்பாற்ற எனக்குச் சிரமமே இருக்கவில்லை. நான் எதைப் பற்றியும் மூச்சு விடுகிற ஆள் இல்லை.

செய்தி எப்படி வந்தது என்று விசாரித்தேன். விசாரிக்க அதிகம் இல்லை, நானும் அங்கேதான் இருந்தேன். வருடா வருடம் எங்கள் ஊர்க் கால்பந்துத் திடலில் பரண் சந்தை நடப்பது தங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வீடு பரணில் கிடக்கும் பழைய சாமான்களை மேசையில் பரப்பி விற்பார்கள், சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பழைய சாமான்களோடு திரும்பி வருவார்கள். அம்மா என் அறையில் தையல் இயந்திரம் போட வேண்டும் என்று என் பழைய பூட்ஸ், பழைய பனியன்கள், முட்டிக்குக் கட்டும் பட்டைகள் எல்லாவற்றையும் சீஸ் உருக்கும் சட்டிக்குப் பக்கத்தில் அடுக்கி என்னைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டாள். அப்போது எங்கள் ஊருக்கான தங்கள் நிருபர் ரூஸ்லோ ஐயா கேமராவோடு வந்தார். "என்னம்மா, பூட்ஸெல்லாம் விக்கிறியா?" என்றார். ஆமாம் என்றேன். "இனிமே வேணாமா?" வேண்டாம் என்றேன். "மனசுக்குக் கஷ்டமா இல்லையா?" இல்லை, பூட்ஸ் கால் விரலை நெரிக்கிறது என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். பாட்டி காலத்துச் சட்டியைக் கூட எங்கள் ஊரில் அழாமல் விற்க மாட்டார்கள் என்பதால் எனக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. கேட்டதற்கெல்லாம் உண்மையைத்தான் சொன்னேன்.

வியாழக்கிழமை அம்மா இறைச்சிக் கடையிலிருந்து முகம் சிவந்து வந்தாள். "கடைக்காரர் ரெண்டு சாஸேஜ் சும்மா குடுத்தாருடி. நீ ஆட்டத்தை விட்டுட்டியாமே? பெத்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றாள். "நான் விடலம்மா" என்றேன். "பேப்பர்ல போட்டிருக்கே." "தப்பாப் போட்டிருக்காங்க." அம்மா பொட்டலத்தைப் பார்த்தாள். "அப்ப சாஸேஜைத் திருப்பிக் குடுக்கணுமா?" என்று கேட்டாள். அப்பா அதற்குள் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டார்.

சனிக்கிழமை மேயர் அலுவலகத்தில் எனக்கு வழியனுப்பு விழா. எங்கள் ஊரில் தீயணைப்பு வண்டிக்குப் புது டயர் மாட்டினாலும் மேயர் அம்மா வெள்ளை வைனில் காசிஸ் பழப்பாகு கலந்து எல்லோருக்கும் கோப்பை நீட்டுவார். எனக்கென்றால் விடுவாரா? ஊரே வந்திருந்தது. ஆறு வயதில் பையன்களோடு ஆடியதையும், பதினைந்து வயதுக்கு மேல் பையன்கள் அணியில் ஆட விடமாட்டார்கள் என்பதால் அப்பா பால் லாரியில் ஏற்றி நகரத்துப் பெண்கள் அணிக்குக் கொண்டுபோய் விட்டதையும், இரண்டு முறை முட்டியில் தசைநார் கிழிந்ததையும் மேயர் அம்மா கண்ணீரோடு வாசித்தார். எல்லாம் தங்கள் இதழில் வந்ததுதான். இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தேன். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். அத்தனை முகங்களையும் ஒன்றாகப் பார்த்ததும் "நன்றி" என்றேன். "பாருங்க, துக்கத்துல பேச்சே வரல பிள்ளைக்கு!" என்றார் மேயர் அம்மா. கைதட்டல் அடங்கவே இல்லை. ஊர் சார்பில் ஒரு தூண்டில் கொடுத்தார்கள். இரும்புக் குண்டு உருட்டும் பெரியவர்கள் சங்கத்தின் தலைவர் வந்து, "இனி செவ்வாய்க்கிழமைல நீ சும்மாதானே? உன் பேரைச் சேர்த்தாச்சு, குண்டு மட்டும் சொந்தமாக் கொண்டா" என்றார். அதற்கும் நன்றி என்றேன்.

இதெல்லாம் போகட்டும். நேற்று தெல்மாஸ் தொலைபேசியில் வந்தார். "என்னம்மா இது? எங்க தலைவர் மேசையில உங்க ஊர்ப் பேப்பர் கிடக்குது. ஓய்வு பெற்ற பொண்ணையா எனக்குக் காட்டினன்னு என்னைப் பிடிச்சு உலுக்குறார்" என்றார். நான் ஓய்வு பெறவில்லை என்றேன். இந்த ஒரு வாரத்தில் வீட்டுக்கு வெளியே அதை முழுதாகச் சொல்லி முடித்தது அவரிடம்தான். "எனக்குத் தெரியும்மா. அவர் அச்சுல வந்ததைத்தான் நம்புவார். அதே பேப்பர்ல மறுப்புப் போடச் சொல்லு. இந்த வியாழக்கிழமைக்குள்ள வரலேன்னா அந்த இடத்துக்கு வேற ஆளைப் பார்ப்பார்" என்றார். முட்டி இரண்டு முறை கிழிந்த நடுக்கள ஆட்டக்காரிக்கு முதல் பிரிவிலிருந்து இன்னொரு முறை அழைப்பு வராது. இதை நான் அழுது எழுதவில்லை. கணக்கு அப்படித்தான்.

ஆகவே இந்த வியாழக்கிழமை இதழிலேயே மறுப்பு வெளியிட வேண்டும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். ரூஸ்லோ ஐயாவைக் கடிந்துகொள்ள வேண்டாம். உண்மையைச் சொன்னால், இத்தனை வருடத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தங்கள் இதழ் எனக்குப் பத்துக்கு ஐந்து மதிப்பெண்தான் போட்டிருக்கிறது. கோல் அடித்தவளுக்கு எட்டு, கோலைத் தடுத்தவளுக்கு ஏழு, எனக்கு ஐந்து. முட்டி கிழிந்து பத்தாவது நிமிடம் வெளியே போன அன்றும் ஐந்து. நான் என்ன செய்கிறேன் என்று யாரும் எழுதியதில்லை. என் வேலை அப்படிப்பட்டது என்று நானும் விட்டுவிட்டேன். இந்தச் செய்தியில்தான் ரூஸ்லோ ஐயா, "அவர் ஆடும்போது எதிரணிக்குப் பந்து எங்கே போனது என்று தெரியாது. நமக்கும் தெரியாது. அவருக்குத் தெரியும்" என்று எழுதியிருக்கிறார். அப்பா அதை வெட்டி லாரியில் ஒட்டியிருக்கிறார். மறுப்பில் அந்த வரிகளை மட்டும் மறுக்காமல் விட முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் பரவாயில்லை, மறுத்துவிடுங்கள். எனக்கு இடம்தான் முக்கியம்.

தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும் எங்கள் வீட்டார் மூவரின் அன்பும் மரியாதையும். இந்தக் கடிதத்தை அப்பா நாளைக் காலை லாரியில் வந்து தங்கள் கையில் தருவார். அவரும் அதிகம் பேச மாட்டார். தவறாக நினைக்க வேண்டாம்.

தங்கள் உண்மையுள்ள,
லூதிவீன் போன்சோ
நடுக்கள ஆட்டக்காரி (இப்போதும்)

பின்குறிப்பு: தயவுசெய்து மறுப்பை வெளியிட வேண்டாம். உறையை ஒட்டும் நேரத்தில் அந்தக் கிளப் தலைவரே தொலைபேசியில் அழைத்தார். என்னைப் பற்றித் தெல்மாஸ் சொல்லும்போதெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாத மனிதர், தங்கள் செய்தியை மூன்று முறை படித்தாராம். "மகளே, பந்து எங்க போச்சுன்னு தெரிஞ்ச ஒருத்தி எங்க அணியில கிடையாது. இந்த வயசுல உனக்கு எதுக்கு ஓய்வு? விட மாட்டேன். திரும்பி வா!" என்றார். எனக்கு வழக்கம்போல் ஒன்றும் வரவில்லை. "தயங்குற, புரியுது. நல்லா யோசி" என்றார். நான் யோசிக்கவில்லை, வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். கடைசியில் "சரிங்க" என்றேன். "ஒத்துக்கிட்டா! மனசை மாத்திட்டேன்!" என்று அவர் அலுவலகம் முழுக்கக் கத்துவது இங்கே அடுப்படி வரை கேட்டது. இரண்டு வருட ஒப்பந்தம். ஓய்விலிருந்து என்னை மீட்டு வந்தது தான்தான் என்று இப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். மறுப்பு வந்தால் அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்? ஆகவே நான் ஓய்வு பெற்றது உண்மை என்றும், இப்போது மனம் மாறித் திரும்புகிறேன் என்றும் போடுங்கள். வயதை மட்டும் திருத்துங்கள். ஆதாரம் வேண்டுமென்றால் எங்கள் ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். நான் ஓய்வு பெற்றபோது எல்லோரும் அங்கே இருந்தார்கள்.