அரசைக் கவிழ்க்க நான்கு பந்தயங்கள்

2004-ஆம் வருடப் பொங்கலன்று ஒரு முடிவுக்கு வந்தேன். இந்த வருடம் முடிவதற்குள் அரசைக் கவிழ்த்துவிட வேண்டும்.

பயப்பட வேண்டாம். நான் தீவிரவாதி இல்லை. பெயர் அருணகிரி. கருங்குழியில் எங்கள் வம்சத்திலேயே முதல் பட்டதாரி. கல்பாக்கத்தில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவு. கண்டக்டர் தவறுதலாக ஒரு ரூபாய் அதிகம் கொடுத்துவிட்டால், அதைத் திருப்பிக் கொடுக்கும்வரை வியர்த்துக்கொண்டே நிற்கிறவன். நான் கவிழ்க்க நினைத்த அரசு, என் மனைவி ரஞ்சிதாவின் தம்பி.

பகலெல்லாம் மத்திய அரசுக்கு உழைத்தேன். மாலையில் செங்கல்பட்டுக்குத் திரும்பினால் மச்சான் அரசு.

மாமல்லபுரத்துக் குப்பத்திலிருந்து மூன்று மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸ் படிக்க வந்தவன். வந்து இரண்டு வருடம் ஆயிற்று. அவன் படித்த கம்ப்யூட்டரே பழைய சாமானாகிவிட்டது. அவன் மட்டும் புதிதாகவே இருந்தான். கூடம் அவனுடையது. டிவி அவனுடையது. அதில் எந்நேரமும் டென்னிஸ். உள்ளறையில் நான் துறைத் தேர்வுக்குப் படிப்பேன். ஒவ்வொரு பந்து விழும்போதும் ஒரு விதி மறந்துபோகும்.

நானும் ரஞ்சிதாவும் கடைசியாகத் தனியாகப் பேசிய இடம் மண்ணெண்ணெய் வரிசை. அங்கேயும் மண்ணெண்ணெயைப் பற்றித்தான் பேசினோம். எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. என் வீட்டில், என் மனைவியோடு, நடுவில் மூன்றாம் தட்டு இல்லாமல் தினமும் ஒரு ராத்திரிச் சாப்பாடு.

நேராகவும் கேட்டுப் பார்த்தேன்.

"ரஞ்சி, அரசுக்கு ஊர் ஞாபகமே வரலையா?"

"வருதேயா. அத்த மறக்கத்தான் டிவி பாத்துகினு கீறான்."

ஜனவரிக் கடைசியில் அலுவலக நண்பர் ஜெபகுமார் பேப்பரை மடித்துக்கொண்டே சொன்னார். "அதிசயத்தைப் பாத்தீங்களா அருணகிரி? ஆஸ்திரேலியாவுல நாளைக்குப் பொம்பளைங்க டென்னிஸ் ஃபைனல். ஆடற ரெண்டு பேருமே பெல்ஜியம்."

என் நேர்மையான மூளையில் முதல் முறையாக ஒரு குறுக்குவழி திறந்தது.

மறுநாள் சனிக்கிழமை. காலையிலேயே ஆட்டம். அரசு டீக்கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஆரம்பித்தேன்.

"ரஞ்சி, இந்த ஆட்டத்துல எந்த நாடு ஜெயிக்கும்? ஒரு பந்தயம் கட்டலாம்."

"எனுக்கு அதெல்லாம் இன்னா தெரியும்?"

"சும்மா ஒரு விளையாட்டுதான். நான் பெல்ஜியம். நீ எதை வேணா எடுத்துக்கோ."

"நான் ஜெயிச்சா?"

"காஞ்சிபுரம் பட்டு."

"நீ ஜெயிச்சா?"

"அரசு ஊருக்குப் போகணும்."

ரஞ்சிதா டிவியை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். "எனுக்கு ஆஸ்திரேலியா. அங்கதான ஆடறாங்கோ. சொந்த ஊரு பொண்ணு வுட்டுக் குடுக்காது."

ஆடிய இருவரில் எனான் என்பவர் ஜெயித்தார். பெல்ஜியம் ஜெயித்தது. நானும் ஜெயித்தேன். அப்போது அரசு வடையோடு உள்ளே வந்தான்.

"இன்னா மாமா, மூஞ்சில ஒரே வெளிச்சம்?"

"பெல்ஜியம் ஜெயிச்சுடுச்சு!"

"ஆடுன ரெண்டுமே பெல்ஜியம்தான மாமா?"

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. கரண்டி வெளியே வந்தது. பின்னாலேயே ரஞ்சிதா.

"கள்ளாட்டம்! பி.காம். படிச்ச ஆளு, பொண்டாட்டிகிட்ட கள்ளாட்டம்!"

"நான் பொய் சொல்லலை, ரஞ்சி…"

"எங்கப்பன் கரையில மீனு ஏலம் வுடறாரு. அவரு கூட இப்பிடி ஏமாத்த மாட்டாரு. டேய் அரசு, இந்த மாரி பெரிய ஆட்டம் வருசத்துக்கு எத்தினி?"

"நாலுக்கா."

"இது செல்லாது. பாக்கி மூணு கீது. அத்த ஆடலாம்."

என் மனசாட்சியும் அவள் கட்சியில் சேர்ந்துகொண்டது. ஒப்புக்கொண்டேன். டென்னிஸில் பூஜ்ஜியத்துக்கு 'லவ்' என்று பெயராம். அன்று வீட்டில் எனக்குக் கிடைத்தது அந்த லவ்தான்.

மே மாதம் டெல்லியில் மத்திய அரசே மாறிற்று. செங்கல்பட்டில் அரசு காலை நீட்டிப் படுத்திருந்தான்.

ஜூனில் பாரிஸ். இந்த முறை அரையிறுதியிலேயே நாட்டைச் சொல்லிவிட வேண்டும் என்று ரஞ்சிதா விதி போட்டாள்.

"எனுக்கு ரஷ்யா."

"ஏன் ரஷ்யா?"

"பெல்ஜியம் இத்துனூண்டு ஊருன்னு அரசு சொன்னான். அதுலயே ரெண்டு பொண்ணு வந்துச்சே. ரஷ்யா எம்மாம் பெருசு!"

இதுவா தர்க்கம் என்று சிரித்தேன். அமெரிக்காவை எடுத்தேன். காப்ரியாட்டி மூன்று வருடம் முன்பு அதே மண்ணில் கோப்பை வாங்கியவர் என்று ஜெபகுமார் உறுதி கொடுத்திருந்தார். அவர் அரையிறுதியோடு மூட்டை கட்டினார். இறுதியில் மிஸ்கினாவும் டெமென்டியேவாவும். இரண்டு பேரும் ரஷ்யா. நான் ஜனவரியில் செய்த தந்திரத்தைப் பாரிஸில் கடவுளே ரஞ்சிதாவுக்காகச் செய்து கொடுத்தார்.

பட்டுக்குப் பதிலாக ரஞ்சிதா கேட்டபடி, டேபிள் ஃபேன் அரசுக்காகக் கூடத்துக்குப் போனது.

ஜூலையில் விம்பிள்டன். அரையிறுதியிலேயே நான் மறுபடி அமெரிக்கா, அவள் மறுபடி ரஷ்யா. இறுதியில் ஒரு பக்கம் செரீனா. முந்தைய இரண்டு வருடமும் அவரே சாம்பியன். இன்னொரு பக்கம் பதினேழு வயது ஷரபோவா. ரஷ்யா.

"பாவம்டி ரஞ்சி, சின்னப் பொண்ணு. வேணும்னா வேற நாடு எடுத்துக்கோ" என்று இரக்கப்பட்டேன்.

"எனுக்கு இந்தப் பொண்ணே போதும்யா. நீ உன் வேலயப் பாரு."

ஆறு–ஒன்று, ஆறு–நான்கு. எனக்குத் தண்ணீர் குடிக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை.

கட்டில் கூடத்துக்குப் போனது. அதன் ஒரு முனையை நானே பிடித்துத் தூக்கினேன். "பாத்து மாமா, செவுத்துல இடிச்சிடாத" என்று அரசு டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் அக்கறை காட்டினான். துறைத் தேர்விலும் தோற்றேன். பாயில் படுத்து, ஃபேன் ஓடும் சத்தத்தை மட்டும் கேட்டபடி, படித்தவனுக்கு ஏன் இந்தக் கதி என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பரில் அமெரிக்கா. அரையிறுதியில் இரண்டு அமெரிக்கப் பெண்கள், இரண்டு ரஷ்யப் பெண்கள்.

"இந்த வாட்டி நீயே மொதல்ல சொல்லுயா."

"ரஷ்யா!" அவள் வாயை மூடுவதற்குள் கத்தினேன்.

"சரி. எனுக்கு அமெரிக்கா."

அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்தாளே, அப்போதாவது சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் இரண்டு தோல்வி கண்டவன், கிடைத்ததை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறவன்.

"நான் ஜெயிச்சா?" என்றேன், எச்சரிக்கையாக.

"நீ ஜெயிச்சா என் தம்பி இந்த வூட்ல ஒண்டி இருக்க மாட்டான். போதுமா?"

ஒண்டியிருப்பது என்றால் அடுத்தவர் வீட்டில் அண்டிக் கிடப்பது. சொந்தத் தம்பியைப் பற்றி ஒரு பெண் இதைவிடப் பச்சையாகச் சொல்ல முடியாது. எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

சனிக்கிழமை காலை டிவியைப் போட்டேன். டேவன்போர்ட் அவுட். காப்ரியாட்டி அவுட். இறுதியில் மறுபடி இரண்டு ரஷ்யா! ஃபைனலுக்கு முன்பே நான் ஜெயித்துவிட்டேன்.

அரசு முணுமுணுக்காமல் பையைக் கட்டினான். பஸ் ஸ்டாண்டு வரை நானே பையைத் தூக்கிப் போய், ஜன்னலோரம் துண்டு போட்டு இடம் பிடித்துக் கொடுத்தேன். கட்டில் உள்ளே வந்தது. ஃபேன் என் பக்கம் திரும்பியது. ராத்திரி இரண்டே தட்டு, வஞ்சிரக் குழம்பு. ரஞ்சிதாவும் நானும் மண்ணெண்ணெய் அல்லாத விஷயங்களைப் பேசினோம். நான் மனிதனாக வாழ்ந்த காலம் அதுதான்.

ஐப்பசியில் என் மாமனார் நீலமேகம் பத்திரிகையோடு வந்தார். அரசுக்குக் கல்யாணம்.

"எப்ப நிச்சயமாச்சு?" என்றேன்.

"வைகாசிலயே ஆயிடிச்சி மாப்ள. ரஞ்சிதா சொல்லல?"

ரஞ்சிதா அவருக்கு மோர் எடுக்க உள்ளே போயிருந்தாள்.

தனிக்குடித்தனம் போகிறான், இனி இந்தப் பக்கமே வரமாட்டான் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமல்லபுரத்தில் கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியைப் பிடுங்கி நானே பரிமாறினேன். மணப்பெண் அனு என் காலில் விழுந்தபோது, "ரெண்டு பேரும் ஒரே வீட்ல நல்லா இருக்கணும்" என்று மனதார வாழ்த்தினேன்.

எந்த வீடு என்று சொல்லாமல் விட்டேன். அதுதான் தப்பு.

அடுத்த வாரம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரம் கதவு தட்டப்பட்டது. அரசு. அனு. ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு மிக்ஸி, ஒரு மெத்தை.

"மாமா, புதுசா கல்யாணமான பொண்ணு கூடத்துல படுக்கக் கூச்சப்படுது. உள் ரூம நாங்க எடுத்துக்கறோம்."

ரஞ்சிதாவைப் பார்த்தேன். அவள் நான்கு தட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

"ரஞ்சி! ஒண்டி இருக்க மாட்டான்னு நீதானே சொன்னே?"

"ஆமாயா. ஒண்டியா இருக்க மாட்டான்னேன். இப்ப ஒண்டியாவா கீறான்? ஜோடியால்ல கீறான்!"

அன்று அந்த 'யா'வை விழுங்கியிருக்கிறாள். எங்கள் பக்கத்தில் எல்லாரும் வார்த்தையின் வாலை விழுங்குகிறவர்கள்தான். நான்தான் முழு வார்த்தையைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

அரசின் பக்கம் திரும்பினேன். "டேய், நீ தோத்து வெளியே போனவன்டா. எப்படி மறுபடி உள்ளே வரலாம்?"

அவன் டிவியைப் போட்டுக்கொண்டே சொன்னான்.

"தோத்தது சிங்கிள்ஸ்ல மாமா. இது மிக்ஸட் டபுள்ஸு."