எதற்கும் இருக்கட்டும்

மனிதர்களில் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்றோர் இனம் உண்டு. இந்த இனத்தார் காலி டப்பாவை எறியமாட்டார்கள், அறுந்த வயரை எறியமாட்டார்கள், என்றோ செத்துப்போன கணினியின் அட்டைப்பெட்டியைக்கூடப் பரணிலிருந்து இறக்கமாட்டார்கள். கேட்டால், "எப்பவாவது உதவும்" என்பார்கள். எப்போதாவது உதவியதா? அதைக் கேட்கக் கூடாது.

நம் ஆள் இணையப் பக்கங்கள் எழுதுகிறவர். அலுவலகத்தில் ‘இருக்கட்டும் சார்’ என்றால்தான் தெரியும். ஒரு மருத்துவமனையின் காத்திருப்பு அறைத் திரை அவர் கைவண்ணம். வருகிற ஒவ்வொருவருக்கும் திரையில் ஒரு கட்டம். அவர் டாக்டரிடம் போனதும் கட்டம் மறையும். மறைவது நம் கண்ணுக்குத்தான். சார் அந்தக் கட்டத்தை, பெயர், வயது, வந்த நேரம் சகிதம், தனியாக ஒரு பட்டியலில் இறுகப் பிடித்து வைத்திருந்தார். ஒருவர் பிடித்துக்கொண்டிருப்பதைக் கணினி எப்படிக் குப்பையில் போடும்? மதியத்துக்குள் நினைவகம் நிரம்பி, திரை திணறி, நின்றுவிடும்.

அன்றும் நின்றது. காய்ச்சலோடு அங்கே காத்திருந்த மனைவி போன் செய்தாள்.

"ஏங்க, டாக்டரைப் பாத்துட்டு வீட்டுக்கே போயிட்டார் ஒருத்தர். அவர் பேர்தான் இன்னும் திரையில நிக்குது. இது யார் செஞ்ச வேலைன்னு எல்லாரும் கேக்கறாங்க."

"நீ என்ன சொன்னே?"

"வாயைத் திறக்கல. உடம்பு கொதிக்குது, என் முறை எப்பதான் வரும்?"

அலுவலகத்தில் பக்கத்து மேஜைப் பெண் அவர் கணினியை எட்டிப் பார்த்தாள்.

"போனவங்களை விடுங்க சார். விவரத்தைக் கட்டத்தோடயே இளக்கமா முடிஞ்சு வைங்க. கட்டம் போனா அதுவும் கூடவே போயிடும்."

"நாளைக்கே யாராவது கேட்டா?"

"ஆஸ்பத்திரிக் கணினியிலதான் எல்லாம் பத்திரமா இருக்கே."

சார் பல்லைக் கடித்துக்கொண்டு மாற்றினார். திரை நகர்ந்தது. மனைவி உள்ளே போனாள். அவள் கட்டமும் விவரமும் சுவடில்லாமல் போயின. அவருக்கு அது வலிக்கத்தான் செய்தது.

"நாளைக்கும் வரச் சொல்லியிருக்கார்" என்றாள் வெளியே வந்து, மறுபடி போனில். "நாளைக்குத் திரை நிக்காதே?"

"நிக்காது" என்றார். சொல்லும்போதே அவர் விரல்கள் ஒரு மூலையில் புதிய பட்டியல் ஒன்றைத் திறந்துகொண்டிருந்தன. சின்னதுதான்.

சிரிக்கிறீர்களா? தாராளமாக. ஆனால் உங்கள் கைப்பேசி ‘இடமில்லை’ என்று தினமும் கெஞ்சுகிறதே. உங்கள் கட்டைவிரலே விழுந்த அந்த மங்கல் படத்தை அழிக்கப் போய், ஏன் அழிக்காமல் வந்தீர்கள்?