பீர் பாட்டில்களின் பாதுகாவலர்

பாதுகாப்பு என்றால் என்னவென்று தெரியாமல் உலகமே தவித்துக்கொண்டிருந்தபோது, தாயில்பட்டிச் சாலையில் பட்டாசுக் கம்பெனி நடத்தும் கனகசபாபதி அண்ணாச்சிதான் அதைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்த இடம், சொந்த வீட்டுச் சமையலறை.

நிகழ்ந்த விதமும் மகத்தானது. வெளிநாட்டில் நிர்வாகம் படித்துத் திரும்பிய மகன் ஹரிஷ்குமார் வீட்டிலேயே பீர் காய்ச்சப் புகுந்தார். சாம்பார் கரண்டியால் கிண்டினார். ஊறல் நுரைத்து அடங்கும் முன்பே பாட்டிலில் அடைத்தார். துளி சர்க்கரை போட வேண்டிய இடத்தில் ஒரு கை அள்ளிப் போட்டார். வெடிமருந்து கூடினால் சத்தம் கூடும் என்பது அந்தக் குடும்பத்தின் ரத்தத்தில் ஓடும் அறிவு. அறிவு வீண்போகவில்லை. சித்திரை வெயிலில் சில பாட்டில்கள் வெடித்தன. ஒரு கண்ணாடிச் சில் ஹரிஷ்குமாரின் காதோரம் உரசிச் சென்றது.

மறுநாளே கம்பெனியில் அவசரக் கூட்டம். 'நிபுணர்' என்று அழைக்கப்பட்டவள் ஓவியா. வேதியியல் பட்டதாரி; அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். கம்பெனியில் அவளுக்குத் 'தரக் கட்டுப்பாட்டு அலுவலர்' என்று பெயர். லேபிள் எண்ணும் வேலை. அவள் அம்மா வீரலட்சுமி அங்கேயே மருந்து அடைக்கும் அறையில் இருந்தாள். நாலு பேருக்கான அறையில் ஒன்பது பேர் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை ஓவியா பொங்கலிலிருந்து சொல்லிவந்தாள். ஒவ்வொரு முறையும் அவளுடைய 'அக்கறையை'ப் பாராட்டி, சீசன் முடியட்டும் என்று அனுப்பிவைத்தார்கள்.

கூட்டத்தில் ஓவியா சொல்லச் சொல்ல ஹரிஷ்குமார் குறிப்பெடுத்தார். சர்க்கரையைக் குறைக்க வேண்டும். ஊறல் அடங்கும்வரை பொறுக்க வேண்டும். கரண்டியைக் கொதிநீரில் கழுவ வேண்டும். ஏற்கெனவே அடைத்த பாட்டில்களைத் திறந்து கேஸை விட்டுவிடலாம் என்றதும் அவர் துடித்துப்போனார், ருசி போய்விடுமாம்.

“அப்போ குளுமையான எடத்துல தள்ளித் தள்ளி வைங்க,” என்றாள் ஓவியா. “நெருக்கி வச்சா, ஒண்ணு வெடிக்கும்போது பக்கத்துல உள்ளதும் சேந்து போகும்.”

அண்ணாச்சிக்குக் கண் கலங்கியது. “எம்புட்டுப் பெரிய விசயம். இது தெரியாமலா இத்தன வருசம் தொழில் பண்ணுனேன்.”

ஒருவழியாக மனிதருக்கு உறைத்துவிட்டது, நாளை அம்மாவின் அறையில் நாலே பேர்தான் என்று ஓவியா நினைத்தாள். படித்தவள் அல்லவா, நம்பிவிட்டாள்.

காலையில் போய்ப் பார்த்தால், அம்மாவின் அறையில் ஒருவருமில்லை. வேப்பமர நிழலில் இருந்த அதுதான் கம்பெனியிலேயே குளிர்ச்சியான அறை. தரையைக் கழுவி, ஈரச் சாக்கு விரித்து, பாட்டில்களை ஒன்றின் மூச்சு இன்னொன்றின் மேல் படாத தொலைவில் நிறுத்தியிருந்தார்கள். ஃபோர்மேன் மாரிக்கண்ணன் வாசலில் காவல் நின்றார். ஒன்பது பெண்களும், ஏற்கெனவே நிறைந்து வழிந்த பக்கத்து அறைக்கு 'இடமாற்றம்' செய்யப்பட்டிருந்தார்கள். வீரலட்சுமிக்கு வாசற்படிதான் கிடைத்திருந்தது. பாதி உடம்பு வெயிலில்.

“நீ சொல்லித்தான் காலி பண்ணச் சொன்னாகளாம்,” என்றாள் அம்மா, கைவேலையை நிறுத்தாமல். “நல்லாப் படிச்ச தாயி.”

ஓவியா ஹரிஷ்குமாரின் மேசையிலிருந்து ஓப்பனரை எடுத்துக்கொண்டு வந்தாள். மாரிக்கண்ணன் மறித்தார். தரக் கட்டுப்பாடு என்றாள். அப்படியொன்று அந்தக் கம்பெனியில் நடந்து பார்த்திராத அவர் மிரண்டு வழிவிட்டார்.

ஒவ்வொரு மூடியாகத் திறந்தாள். நுரை பொங்கித் தரையெல்லாம் ஓடியது. அப்பாவும் மகனும் ஓடி வந்தார்கள். ஹரிஷ்குமார் ஒரு பாட்டிலை மடியில் கிடத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அண்ணாச்சி அரற்றினார்.

“ஏத்தா, இப்பிடி மொத்தமாச் சாகடிச்சிட்டியே.”

“இனிமே இங்கன வெடிக்க ஒண்ணுமில்ல மொதலாளி. ஆளுகள உள்ள விடுங்க.”

வேலையைப் போட்டுவிட்டு வாசலில் கூடியிருந்த பெண்களை அண்ணாச்சி ஏறிட்டுப் பார்த்தார். எவ்வளவு பொறுப்பான மனிதர். உடனே கேட்டார்: “எத்தன பேர?”

“பாட்டிலுக்குப் பாட்டில் எம்புட்டு எடம் விட்டீக?” என்றாள் ஓவியா. “அம்புட்டு விட்டு எண்ணிக்கோங்க.”