கட்டினவன்தான் அவிழ்க்கணும்

பிரசவ அறைக்குள் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கப்போவது தான்தான் என்று முடிச்சு முடிவு செய்துவிட்டான். யாரையும் கேட்கவில்லை. மனைவியைக்கூடக் கேட்கவில்லை. சறுக்கல் அங்கேதான் ஆரம்பம்.

முடிச்சு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. வீடு மாற்றித் தரும் கம்பெனியில் அவன்தான் பாக்கிங்கில் மூத்த ஆள். அவன் சுற்றி வைத்த கண்ணாடி டம்ளர் மூன்று நாள் லாரியில் குலுங்கினாலும் கீறல் விழாது. அவன் போட்ட கயிற்று முடிச்சை வேறொருவன் அவிழ்த்ததாகச் சரித்திரம் கிடையாது. 'கட்டினவன்தான் அவிழ்க்கணும்' என்பது கம்பெனியில் எழுதாத சட்டம். அந்தச் சட்டத்தைப் போட்டதும் அவனேதான். வெளியே இவ்வளவு பெயர் வாங்கியவனுக்கு வீட்டில் ஒரு முடிச்சும் நின்றதில்லை என்பது வேறு விஷயம்.

அந்த ஆசை எப்படி வந்தது என்றால், பொறாமையில் வந்தது. மறைப்பானேன்? கம்பெனி லாரி டிரைவருக்கு ஆறு மாதம் முன்னால் மகன் பிறந்தான். அது வேறு ஊர், வேறு ஆஸ்பத்திரி. அங்கே டிரைவரை உள்ளே விட்டார்களாம். மனைவி கையைப் பிடித்துக்கொண்டாராம். மகன் கண்ணைத் திறந்து முதலில் பார்த்தது அவரைத்தானாம். சாமான் ஏற்றும்போது ஒரு தடவை, இறக்கும்போது ஒரு தடவை இந்தக் கதையைச் சொல்வார். கேட்கக் கேட்க முடிச்சுக்கு வயிறு எரியும். அந்த மூஞ்சியை முதலில் பார்த்துவிட்டு ஒரு பச்சைக் குழந்தை தைரியமாக வளர்கிறது என்றால், நம் மூஞ்சிக்கு என்ன குறை என்று லாரிக் கண்ணாடியில் பார்த்துக்கொள்வான்.

எட்டாம் மாதப் பரிசோதனையில் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு தாள் கொடுத்தார்கள். பிரசவத்துக்கு வரும்போது பையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று அச்சடித்த தாள். அவன் மனைவிக்குப் பஸ் டிப்போவில் டைம்கீப்பர் வேலை. முன்னும் பின்னும் படிக்காமல் எந்தத் தாளையும் கீழே வைக்க மாட்டாள். இதையும் வரும் வழியிலேயே படித்து முடித்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் முடிச்சு அதை வாங்கி பீரோக் கதவில் ஒட்டினான். அவன் ஒட்டுவதைக் கேட்க வேண்டுமா? நாலு ஓரமும் பாக்கிங் டேப், குறுக்கே ரெண்டு. கதவு கழன்றாலும் தாள் கழலாது. அவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வாசலில் விசில் கேட்டது.

வந்தது மனைவியின் அக்கா. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். அழைப்பு மணி கையெட்டும் தூரத்தில் இருக்க, விசில் ஊதித்தான் கதவைத் திறக்கச் சொல்வாள். முடிச்சு நேரில் "அக்கா" என்பான், மனசுக்குள் விசிலக்கா என்பான். அவள் வந்துவிட்டால் போதும், அவன் மனைவி முப்பது வயதிலிருந்து பன்னிரண்டுக்குப் போய்விடுவாள். ரெண்டு பேரும் சமையலறையில் குசுகுசு என்று பேசி, கிளுகிளு என்று சிரிப்பார்கள். ஹாலில் முடிச்சு இருப்பான். நாற்காலியும் இருக்கும். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

விசிலக்கா தாளை ஒரு பார்வை பார்த்தாள். கையோடு ஒரு நீலப் பை கொண்டுவந்திருந்தாள். பையைத் தானே கட்டிவிடுவதாகவும், வலி வந்ததும் தானே உள்ளே போய்த் தங்கச்சி பக்கத்தில் நிற்பதாகவும், மாப்பிள்ளை வெளியே பெஞ்சில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாம் என்றும் சொன்னாள்.

முடிச்சுக்குச் சுருக்கென்றது. "நீங்க எதுக்குக்கா சிரமப்படணும்? நான் நிக்கிறேன் உள்ளே."

"நீங்களா? ஊசி போடுறதைப் பார்த்தாலே தலை சுத்துற ஆளு. உங்களைத் தாங்கிப் பிடிக்கத் தனியா ஒரு நர்ஸ் வேணும் மாப்பிள்ளை."

ரெண்டு பேரும் நாற்காலியில் கால் நீட்டி ஆப்பிள் தின்றுகொண்டிருந்தவளைப் பார்த்தார்கள். ஒரே பஸ்ஸுக்கு ரெண்டு டிரைவர் சண்டை போடுவதைத் தினமும் பார்க்கிறவள் அவள். பீரோவை ஒரு தடவை பார்த்தாள். ஆப்பிளை நிதானமாக மென்று விழுங்கினாள்.

"பையில எது எங்கே இருக்குன்னு தெரிஞ்சவங்க பக்கத்துல இருந்தா எனக்கு நல்லதுதான்," என்றாள். மறுபடி ஆப்பிளைக் கடித்தாள்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று முடிச்சு நினைத்தான். பை கட்டுவதா? அவனிடமா? மீனிடம் நீச்சல் போட்டி வைத்தது மாதிரி அல்லவா இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமையே உட்கார்ந்தான். குழந்தைத் துணிகளை ரெண்டு தரம் அலசி, காயவைத்து, இஸ்திரி போட்டான். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் தன் சட்டைக்கே இஸ்திரி போடாத மனுஷன். குட்டிக் குல்லாவை நசுங்காமல் குமிழ் பிளாஸ்டிக்கில் சுற்றினான். பிளாஸ்குக்கு அட்டையில் கவசம் செய்தான். மொத்தம் பதினாலு பொட்டலம். எல்லாவற்றுக்கும் நம்பர் போட்டான், உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் எழுதவில்லை. அது அவன் மண்டைக்குள் இருந்தது. விசிலக்கா உள்ளே போனாலும், ஒன்பதா பதினொன்றா என்று திண்டாடிவிட்டு அவனைத்தான் கூப்பிட்டாக வேண்டும். பையின் மேல் அம்புக்குறி போட்டு 'இந்தப் பக்கம் மேலே' என்றும் எழுதினான். பழக்க தோஷம்.

புதன்கிழமை அவன் வேலை முடிந்து வந்தபோது பதினாலு பொட்டலமும் பிரிந்து கிடந்தது. விசிலக்கா வந்து போயிருக்கிறாள். துண்டு, போர்வை, நைட்டி எல்லாவற்றையும் உருட்டி உருட்டி, முதலில் வேண்டியது மேலே, அப்புறம் வேண்டியது கீழே என்று அடுக்கியிருந்தாள். விளையாட்டு விழாவுக்குப் போகும் குழுவின் பை மாதிரி இருந்தது. அதைக்கூடப் பொறுத்திருப்பான். அவன் மனைவி சொன்ன ஒரு வார்த்தையைத்தான் பொறுக்க முடியவில்லை.

"அக்கா துண்டை உருட்டியிருக்கிற அழகைப் பாருங்களேன்."

அழகாம். ஆறு வருஷமாக இந்த வீட்டில் எத்தனை பெட்டி கட்டியிருக்கிறான், பரணில் எத்தனை சாமான் அடுக்கியிருக்கிறான். ஒரு நாளாவது அந்த வாயிலிருந்து 'அழகு' என்று வந்ததா? முடிச்சுக்குக் காதில் புகை வந்தது. சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து, உருட்டியதையெல்லாம் பிரித்து மறுபடி பதினாலு பொட்டலம் போட்டான். போன தடவையைவிட இறுக்கமாக.

சனிக்கிழமை விசிலக்கா பிரித்தாள். ஞாயிறு அவன் கட்டினான். விடாக்கண்டனுக்கும் கொடாக்கண்டனுக்கும் நடுவே அந்த நீலப் பையின் ஜிப் பல்லை இளித்தது. அதையும் அவனே உட்கார்ந்து தைத்தான். அவள் குழந்தைக்குக் காலுறை பின்னிக்கொண்டு வந்தால், அவன் கொசுவலை வாங்கிக்கொண்டு வந்தான். அவன் தரை துடைத்தான் என்று கேள்விப்பட்டு அவள் ஜன்னல் துடைத்தாள். அந்த ஒரு மாதம் வீடு பளபளவென்று இருந்ததைப்போல் அதற்கு முன்னால் இருந்ததில்லை. நடுவில் நாற்காலியில் கால் நீட்டியபடி, பூசினாற்போல் முகத்தோடு, அவன் மனைவி ரெண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பாராட்டிக்கொண்டிருந்தாள்.

இதற்கிடையில் அவனுடைய பழைய கட்டம் போட்ட சட்டை ஒன்றைக் காணவில்லை. பதினைந்து வருஷச் சட்டை, துவைத்துத் துவைத்துப் பஞ்சு மாதிரி ஆகிவிட்ட சட்டை. யார் வேலை என்று சொல்லவும் வேண்டுமா? விசிலக்கா குப்பையில் போட்டிருப்பாள். பொருமிக்கொண்டே தன் கடைசி அஸ்திரத்தை எடுத்தான். பையைச் சுற்றிக் கம்பெனிக் கயிறு போட்டு, பியானோவுக்குப் போடுகிற முடிச்சைப் போட்டான். தூக்கத் தூக்க இறுகும். அவிழ்க்கிற வித்தை அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். விசிலக்கா வந்து பார்த்தாள், கயிற்றை ஒரு இழு இழுத்துப் பார்த்தாள், போய்விட்டாள். ஜெயித்துவிட்டோம் என்று அன்றைக்கு அவன் ரெண்டு தட்டு சாப்பிட்டான்.

வலி வந்தது ஒரு காலைப் பத்தரை மணிக்கு. அவன் யாரோ வீட்டு மூன்றாம் மாடியிலிருந்து கட்டிலை இறக்கிக்கொண்டிருந்தான். போன் வந்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கட்டிலை நடுப்படியில் டிரைவர் தலையில் விட்டுவிட்டு ஓடினான். வீட்டுக்குப் போய், பையைத் தோளில் போட்டு, மனைவியைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றி, ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினால், அங்கே விசிலக்கா ஏற்கெனவே நின்றாள்.

சக்கர நாற்காலியில் மனைவியை வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். பின்னாலேயே ரெண்டு பேரும் நடந்தார்கள். நடை ஓட்டமாயிற்று. கதவு திறந்ததும் இவன் வலது காலை வைத்தான், அவள் இடது காலை வைத்தாள். ரெண்டு தோளும் நிலையில் முட்டிக்கொண்டு நின்றன.

தலைமை நர்ஸ் வந்து ரெண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார். "எங்கே கிளம்பிட்டீங்க?"

"துணைக்கு," என்றான் முடிச்சு. "பையில எது எங்கே இருக்குன்னு எனக்குத்தான் தெரியும்."

"இங்கே உள்ளே யாரையும் விடறதில்லையே. பட்டியல் கொடுத்தோமில்ல, பின்பக்கம் படிக்கலையா?"

"பின்பக்கமா?"

மேஜையிலிருந்து அதே தாளை எடுத்துத் திருப்பிக் காட்டினார். பெரிய எழுத்து, கீழே கோடு வேறு. பிரசவ அறைக்குள் துணைக்கு யாருக்கும் அனுமதி இல்லை. முடிச்சின் கண் முன்னால் பீரோக் கதவு வந்தது. நாலு ஓரமும் டேப். குறுக்கே ரெண்டு. உள்ளே போய்க்கொண்டிருந்தவளை எட்டிப் பார்த்தான். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் அவனைப் பார்த்ததும் அந்தக் கடித்த பல்லுக்கு நடுவே ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. கதவு மூடிக்கொண்டது.

பெஞ்சில் இந்த ஓரம் அவன், அந்த ஓரம் விசிலக்கா, நடுவில் பை. உள்ளே மனைவி முனகும் சத்தம் கேட்டபோது ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள், ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள். அப்புறம் முடிச்சு குட்டி போட்ட பூனை மாதிரி நடக்க ஆரம்பித்தான். பயமாக இருந்தது அவனுக்கு. கையைப் பிடிக்க வேண்டும் என்பது டிரைவரிடம் பெருமையடிக்க மட்டும் இல்லை என்று அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது. அந்தக் கை அங்கே தனியாக இருக்கிறதே என்று நினைத்தபடி மூடிய கதவின் முன்னால் போய் நின்றான். விசிலக்கா பாட்டில் தண்ணீரை நீட்டினாள். வாங்கிக் குடித்தான். பாட்டிலின் மூடியைப் போட மறந்து அவளும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியம் ரெண்டரைக்கு ஒரு அழுகைச் சத்தம். பின்னாலேயே நர்ஸ் தலை நீட்டினார். பெண் குழந்தை, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க, குழந்தையைச் சுற்ற மெத்தென்ற துணி ஒன்று கொடுங்கள் என்றார்.

இதோ வந்தது அவன் நேரம். பொட்டலம் நம்பர் மூன்று. பாய்ந்து பையின் முன்னால் உட்கார்ந்தான். தூக்கத் தூக்க இறுகும் முடிச்சல்லவா? ஆட்டோவில் தூக்கி, படியில் தூக்கி, தோளில் போட்டு ஓடி, அது கல்லாகிப் போயிருந்தது. நகத்தால் கிளறினான். பல்லால் கடித்தான். கத்தரிக்கோல் இருந்தால் ஒரே வெட்டு. கத்தரிக்கோல் ஒன்பதாம் நம்பர் பொட்டலத்தில், பைக்குள்ளே பத்திரமாக இருந்தது.

"ஒரு நிமிஷம் சிஸ்டர், ஒரே நிமிஷம்."

விசிலக்கா தன் கைப்பையைத் திறந்து மடித்த துணி ஒன்றை எடுத்து நர்ஸிடம் கொடுத்தாள். முடிச்சு குனிந்த தலை நிமிரவில்லை. கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருந்தான். கதவு திறந்ததோ, நர்ஸ் வந்ததோ, விசிலக்கா கை நீட்டி வாங்கியதோ அவனுக்குத் தெரியாது. தலைக்கு மேல் ஏதோ ஒரு சின்னத் தும்மல் கேட்டுத்தான் பார்த்தான்.

அவள் கையில் குழந்தை. முதலில் வாங்கியது அவள். போச்சு, எல்லாம் போச்சு. வயிற்றெரிச்சலில் கண்ணே மங்கியது. மங்கிய கண்ணுக்குத் துணியில் கட்டம் தெரிந்தது. அவனுடைய சட்டை.

"உங்க பொண்டாட்டிதான் எடுத்து வைக்கச் சொன்னா," என்றாள் விசிலக்கா. "புதுத்துணி உறுத்துமாம், அப்பா சட்டைதான் மெத்துனு இருக்குமாம். முடிச்சை விடுங்க மாப்பிள்ளை. கையை நீட்டுங்க."

நீட்டினான். அவ்வளவுதான், வாயைத் திறந்து அழுதுவிட்டான். குழந்தை கண்ணைத் திறந்து அவனைப் பார்த்துவிட்டு, பிடிக்காத மாதிரி உடனே மூடிக்கொண்டது.

சாயங்காலம் வார்டில் சேர்த்த பிறகுதான் மனைவியிடம் விட்டார்கள். இவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு, மெதுவாகக் கேட்டான்.

"அந்தத் தாளுக்குப் பின்னால எழுதியிருந்ததை நீ படிச்சியா?"

"அன்னிக்கே படிச்சேனே, பஸ்ல வரும்போது."

"சொல்லலையே?"

"சொல்ல வந்தேன். நீங்க டேப் ஒட்டிட்டிருந்தீங்க. அப்புறம் யோசிச்சேன். சொல்லிட்டா, உங்க ரெண்டு பேர்ல பையை யார் கட்டுவா?"

அவனுக்கு அசடு வழிந்தது. இனிமேல் இவள் எந்தத் தாளைக் காட்டினாலும், எந்தப் பேச்சைப் பேசினாலும் மசியக் கூடாது என்று அங்கேயே, அந்தக் கட்டில் ஓரத்திலேயே, உறுதி எடுத்துக்கொண்டான். இது கெட்டி முடிச்சு. பியானோ முடிச்சைவிடக் கெட்டி.

அவள் குழந்தையைத் தட்டிக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல, "வீட்டுக்குப் போனதும் தினமும் யார் துணி மாத்தி விடுறாங்களோ, அவங்க முகத்தைப் பார்த்துத்தான் இது முதல்ல சிரிக்குமாம்," என்றாள்.

"நான் மாத்துறேன்" என்று முடிச்சு சொன்னபோது, வாசலிலிருந்து விசிலக்காவும் அதையேதான் சொன்னாள்.